புல் விலகும் வரை

"தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தைவேலு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பாவம், அவன் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. பூவுக்கு முன்னால் நிற்கிற புல்லைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினான், அவ்வளவுதான். "காத்து வந்து தானா ஒதுக்கும், நீ பேசாம உட்காரு" என்றேன். "காத்துக்கு என்னங்க்கா தெரியும், எந்தப் புல்ல ஒதுக்கணும்னு?" என்றான். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டேன். முப்பத்தோரு வருடம் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள் நான். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது எனக்குக் கைவந்த கலை. "எலும்பு முறிஞ்சிருக்கா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். "டாக்டர் சொல்வார், மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்பேன். படத்தின் ஈரம் காய்வதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிடும், எங்கே முறிந்திருக்கிறது, எவ்வளவு முறிந்திருக்கிறது என்று. டாக்டருக்கு முன்னால் தெரிந்துவிடும். ஆனால் சொல்லமாட்டேன். சொல்வது என் வேலை இல்லை. எடுப்பதுதான் என் வேலை, அதை என்னைப்போல் எடுக்க அந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. இதைத் தற்பெருமை என்று என் வீட்டுக்காரர் அமல்ராஜ் சொல்வார். சொல்லட்டும். இருக்கிறதைத்தானே சொல்கிறேன்.

மணி எட்டரை இருக்கும். பழனி மலையின் மேல்தட்டில், மரமே இல்லாமல் புல் மட்டும் வளர்ந்த சரிவு இது. எதிரே ஒட்டகம் படுத்த மாதிரி ஒரு பாறை. அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கு, அதற்கும் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மலைகள். இப்போதைக்குப் பாறை மட்டும்தான் தெரிகிறது, மற்றதெல்லாம் மூட்டம். எனக்குக் கவலை இல்லை, ஒன்பதரைக்கு விலகிவிடும். "ஒம்போதே காலுக்கே விலகிரும்" என்கிறான் குழந்தைவேலு. வனத்துறையில் வாட்சராக இந்தச் சரிவைப் பதினாறு வருடமாக நடந்து பார்க்கிறவன், அவன் சொன்னால் ஒன்பதே காலேதான். வெளிச்சம் வரும், மலைகள் வரும், எல்லாம் அதனதன் நேரத்துக்கு வரும். எனக்கு வேண்டியது காற்று. அதுவும் பெரிய காற்று இல்லை, பெரிய காற்றில் பூவே ஆடும், படம் கலங்கிப்போகும். சின்னதாக, ஒரு பெருமூச்சு அளவுக்கு, வலது பக்கமிருந்து வந்து இந்த ஏழெட்டுப் புல் தாள்களை மட்டும் இடது பக்கம் சாய்க்கிற காற்று. அந்த ஒரு நொடி போதும். புல்லுக்குப் பின்னால் அது நிற்கிறது. தரையில் முளைக்கிற ஆர்க்கிட் வகை, ஒரு சாண் உயரத் தண்டு, தண்டைச் சுற்றிப் பதினொரு வெள்ளைப் பூ, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு, ஒவ்வொன்றின் அடியிலும் பச்சையாக ஒரு நாக்கு. ஊரில் இதற்குப் பேர் கிடையாது. லத்தீனில் வாய் நுழையாத பேர் ஒன்று இருக்கிறது, நானும் சொல்வதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது "அது"தான். போன செவ்வாய்க்கிழமை நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அக்கா, அது வந்துருச்சு" என்றான். நாற்பது வயது ஆள், காட்டுமாட்டுக்கு எதிரே கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறவன், போனில் மூக்கை உறிஞ்சுகிறான். நானும் புளித்தண்ணியைக் கீழே கொட்டிவிட்டேன். ஏழு வருடம் கழித்து வந்திருக்கிறது. செத்துப்போகவில்லை, இத்தனை நாளும் மண்ணுக்குள் கிழங்காகப் படுத்துக் கிடந்திருக்கிறது.

ஏழு வருடத்தில், இன்றையதோடு, இருபத்தெட்டு தடவை வந்திருக்கிறேன். வருடத்துக்கு நாலு. இதே இடம், இதே கேமரா, ஸ்டாண்டின் மூன்று காலும் நிற்பதற்குக் குழந்தைவேலு மண்ணில் பதித்து வைத்த இதே மூன்று தட்டைக் கல். கல்லின் மேல் காலை வைத்தால் போதும், பாறை அதே மூலையில் வந்து உட்காரும். ஜனவரியில் உறைபனி விழுந்து சரிவு முழுக்க உப்புத் தூவின மாதிரி கிடக்கும், புல்லின் நுனி கண்ணாடித் துண்டாக முறியும், விரல் மரத்துப்போய்ப் பொத்தானை அழுத்தினேனா இல்லையா என்றே தெரியாது. ஏப்ரலில் எல்லாம் காய்ந்து பழுப்பாக நிற்கும். ஒரு வருடம் தீப்பிடித்துச் சரிவே கரியாகக் கிடந்தது. அந்தக் கரியில் ஒரு வாரத்துக்குள் மஞ்சளாகச் சின்னச் சின்னப் பூ, யாரோ மஞ்சள்தூள் டப்பாவைக் கவிழ்த்துவிட்ட மாதிரி. ஜூலையில் மழை, மூட்டம், பாறையின் ஈரத்தில் ஊதா நிறக் காசித்தும்பை, என் கால் முழுக்க அட்டை. அக்டோபரில் புல் இடுப்பளவு வளர்ந்து பொன்னிறமாகத் தலை சாய்க்கும், அடியில் நீலமும் வெள்ளையும் ரோஸுமாக எத்தனையோ பூ. இருபத்தேழு படமும் அப்படியே அழகு. நான் எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். ஊரில் எல்லோரும் குறிஞ்சி எடுத்தீங்களா, குறிஞ்சி எடுத்தீங்களா என்று கேட்பார்கள், கல்யாண வீட்டில் பாயசம் உண்டா என்று கேட்பதுபோல. எடுக்கவில்லை. ஆயிரம் பேர் எடுக்கிற பூவுக்கு நான் எதற்கு. இந்த மாதக் கடைசியில் மதுரையில் கண்காட்சி. 'ஒரே சரிவு' என்று பேர். ஏற்பாடு செய்கிற வசுமதி நல்ல பெண், ஆனால் நாக்கில் தேன் தடவியே பேசுவாள். "ஒரே ஒரு பூவுக்காக ஏழு வருஷம் காத்திருக்கீங்களே மேடம், இந்தப் பொறுமை யாருக்கு வரும்!" பொறுமையாம். எக்ஸ்ரே ரூமில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும் என் பொறுமை. பொறுமையால் வரவில்லை அம்மா நான். என்னால் போன உயிர் திரும்பி வருகிறதா என்று பார்க்க வந்தேன். பார்க்க வந்த இடத்தில் சும்மா நிற்க முடியாமல் படமும் எடுத்தேன். அதற்குப் பேர் இப்போது கண்காட்சி.

முதல் படம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். ஏழு வருடத்துக்கு முந்தைய அக்டோபர். அன்றைக்கும் இதே மாதிரிப் பூவுக்கு முன்னால் புல். பூவைத் தனியாக எடுத்துவிடலாம், ஆனால் எனக்கு அது பிடிக்காது. பூவும் வேண்டும், அது குடியிருக்கிற மலையும் வேண்டும். பூவின் முகத்தை மட்டும் பெரிதாக எடுத்துக் காட்டுகிறவர்களை நான் பாஸ்போர்ட் போட்டோக்காரர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் மலையும் சேர்ந்து வரவேண்டும் என்றால் கேமரா தாழ்ந்து உட்கார வேண்டும், தாழ்ந்து உட்கார்ந்தால் புல் மறைக்கும். பூ எடுக்கிறவர்கள் எல்லோரும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். பிடுங்குவார்கள், மிதிப்பார்கள், கத்தரியால் வெட்டுவார்கள். நான் அந்த அளவுக்குப் போகிறவள் இல்லை, கட்டச் சொன்னேன். சாப்பாட்டுப் பொட்டலத்தின் வெள்ளை நூலை அவிழ்த்துக் குழந்தைவேலுவிடம் கொடுத்தேன். அவன் புல்லை இரண்டு பக்கமும் வாரி, பின்னல் போடுகிற மாதிரி இரண்டு கட்டாகக் கட்டினான். நடுவில் வாசல் திறந்த மாதிரி இடைவெளி, இடைவெளியில் பூ, பின்னால் ஒட்டகப் பாறை, அதற்குப் பின்னால் அடுக்கடுக்காக மலை. அந்தப் படத்தைப் போட்டிக்கு அனுப்பினேன். பரிசு வந்தது. பத்திரிகையில் போட்டார்கள், எப்படி எடுத்தீர்கள் என்று ஒரு வரி கேட்டார்கள். 'காற்று புல்லை விலக்கிய ஒரே ஒரு நொடியில் எடுத்தது' என்று எழுதிக்கொடுத்தேன். கை கூசவில்லை. மறுநாள் காலை நாங்கள் வந்து பார்த்தபோது இரண்டு புல் கட்டும் அப்படியே நின்றது, நடுவில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு மொட்டைத் தண்டு, பக்கத்தில் காட்டுமாட்டின் குளம்புத் தடம். புல் மறைத்து வைத்திருந்ததை நாங்கள் திறந்து காட்டிவிட்டோம், மாடு மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. மாட்டின் மேல் என்ன தப்பு. குழந்தைவேலு அந்தத் தண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் நூலை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் பையின் பக்கவாட்டு ஜிப்பில் கிடக்கிறது. எதற்கு வைத்திருக்கிறேன் என்று கேட்டால் தெரியாது. சரி, முதல் நாளே அவிழ்த்து விட்டிருந்தால் புல் நிமிர்ந்திருக்கும், பூ பிழைத்திருக்கும். சாயங்காலம் அவிழ்த்துவிடு என்று அவனிடம் நான் சொல்லியிருந்தேன்.

சொல்லியிருந்தேன். இந்த இடத்தில்தான் எப்போதும் முள் மாதிரி ஒன்று தைக்கும். இருபத்தெட்டு தடவையும் இந்த இடத்தில் உட்கார்ந்து, காற்றுக்கோ வெளிச்சத்துக்கோ காத்திருக்கும்போது, நினைப்பு சுற்றிச் சுற்றி இங்கே வந்து மாட்டிக்கொள்ளும். உடனே வேறு எதையாவது நினைப்பேன். பாட்டரியில் எவ்வளவு இருக்கிறது, முழங்காலுக்குத் தைலம் கொண்டுவந்தேனா, அமல்ராஜ் மாத்திரை போட்டிருப்பாரா. இப்போதும் நினைக்கிறேன், மூட்டம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, பாறையின் முதுகில் வெயிலின் முதல் கீற்று, வலது பக்கம் புல் லேசாக அசைகிறது, இல்லை, அது ஒரு வெட்டுக்கிளி. குழந்தைவேலு எனக்கு இடது பக்கம் நாலு அடி தள்ளிக் குத்தவைத்திருக்கிறான், குரங்குக் குல்லாயும் கழுத்தில் மப்ளருமாக. பக்கத்தில் தூக்குச்சட்டி. முன்பெல்லாம் இலையில் மடித்த பொட்டலமாகத்தான் கொண்டுவருவான், அந்த நாளுக்குப் பிறகு பொட்டலம் கிடையாது, தூக்குச்சட்டிதான். நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், ஈரம் காய்வதற்குள்ளேயே தெரியும். அந்த மறுநாள் காலை, அவன் தண்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, என்ன பேசுகிறேன் என்று யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. "சாயங்காலம் அவுத்துவிடுன்னு சொன்னேன்ல?" அவன் தலையைச் சொறிந்தான். "மறந்துட்டேன் போலங்க்கா" என்றான். அந்தக் குரல் எனக்கு எப்போதும் கேட்கும், அதற்கு முன்னால் வந்த என் கேள்வியின் குரல்தான் எனக்குப் பழகிய குரல். ஆஸ்பத்திரியில் படம் கலங்கி வந்துவிட்டால் நோயாளியிடம் அதே தொனியில்தான் கேட்பேன். "அசையாதீங்கன்னு சொன்னேன்ல?" சில நாள் இயந்திரம் பழசு, சில நாள் நான்தான் கதிர் விழுகிற நேரத்தைத் தப்பாக வைத்திருப்பேன். ஆனால் கேட்டுவிடுவேன். கை உடைந்து கிடக்கிறவன் என்ன சொல்வான், "அசைஞ்சுட்டேன் போல சிஸ்டர்" என்பான். என் படம் தப்பாது என்ற பேரை முப்பத்தோரு வருடம் அப்படித்தான் காப்பாற்றினேன். சரி, அது கிடக்கட்டும், அவனிடம் முதல் நாள் சாயங்காலம் நான் சொன்னேனா இல்லையா? சொன்னேன். சொல்லியிருப்பேன். எந்த இடத்தில் நின்று சொன்னேன்? வழியில், அந்த ஓடையைத் தாண்டும்போது. இல்லை, ஓடையைத் தாண்டும்போது அவன் முன்னால் போனான், நான் பின்னால். ஜீப்பில் ஏறும்போது. ஜீப்பில் ஏறும்போது என்ன பேசினோம்?

இன்று காலை மலையேறுவதற்கு முன்னால் வசுமதி கூப்பிட்டாள். "மேடம், முதல் படத்துக்குக் கீழ நாலு வரி வேணும். எப்படி எடுத்தீங்கன்னு. அந்தக் காத்து விலக்கின கதையையே எழுதிடுங்களேன், எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுவீங்கல்ல?" அனுப்பிவிடுவேன் என்றேன். அப்போதே எனக்கு ஒரு திட்டம் இருந்தது, மறைப்பானேன். இன்றைக்குக் காற்று நிஜமாகவே புல்லை விலக்கினால், அந்த நொடியில் நான் அழுத்தினால், புதுப் படத்தை முதல் படத்தின் இடத்தில் மாட்டிவிடலாம். அதே பூ, அதே பாறை, அதே மலை. அந்த வரியும் உண்மையாகிவிடும், ஏழு வருடம் தாமதமாக உண்மையாகும், அவ்வளவுதான். பழைய படத்தை யார் தேடப்போகிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. நினைக்கும்போதே திருப்தியாக இருந்தது, உடைந்த எலும்பை வெளியே தெரியாமல் பொருத்திவிட்ட மாதிரி. ஒன்பதே காலுக்கு, அவன் சொன்னபடியே, மூட்டம் பாயைச் சுருட்டின மாதிரி பள்ளத்தாக்கிலிருந்து எழுந்து போனது. முதல் மலை, இரண்டாவது, மூன்றாவது, ஏழுவரை எண்ணினேன். வெயில் சரிவில் இறங்கியது. புல்லின் ஒவ்வொரு நுனியிலும் ஈரம் மின்னியது. இதைவிட நல்ல வெளிச்சம் இருபத்தேழு தடவையில் ஒருநாளும் வந்ததில்லை. எல்லாம் தயார், ஒயரின் நுனியில் இருக்கிற பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். காற்று மட்டும் வரவேண்டும். குழந்தைவேலுவுக்கு வெயில் உறைத்திருக்க வேண்டும். மப்ளரை அவிழ்த்தான். பிறகு குல்லாயைக் கழற்றினான். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன். மொட்டை. பளபளவென்று புத்தம்புது மொட்டை, சந்தனம் இன்னும் காதுக்குப் பின்னால் திட்டாக ஒட்டியிருக்கிறது.

"என்னடா இது?" என்றேன். அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது, குல்லாயைத் திரும்ப மாட்டப் போனான். "வேண்டுதலுங்க்கா. எங்க ஊர் முருகனுக்கு. அது திரும்ப வந்துச்சுன்னா மொட்ட போடறேன்னு அந்த வருசமே வேண்டிக்கிட்டேன். உங்ககிட்டச் சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல." நான் சிரிக்கவில்லை. "நீ எதுக்கு வேண்டிக்கணும்?" என்று கேட்டேன், எனக்குத் தெரிந்திருந்தும் கேட்டேன், கேட்கும்போதே அவன் வேறு ஏதாவது காரணம் சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது. மகளுக்குக் காய்ச்சல், மனைவிக்குப் பிரசவம், ஏதாவது. "நான் அவுத்து விட்டுருந்தா அது பொழச்சிருக்கும்லங்க்கா" என்றான். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க, நாந்தான் மறந்து தொலச்சேன். இந்த வழியா ரோந்து வரும்போதெல்லாம் அந்த எடத்துல நின்னு மண்ணப் பாத்துட்டுத்தான் போவேன். எம் பொஞ்சாதி நாகவள்ளிகிட்டகூடச் சொல்லி அழுதுருக்கேன். ஒரு பூவுக்கா இப்புடின்னு அவளே திட்டுவா. நேத்து மொட்ட போட்டதும்தான் தலையோட பாரமும் எறங்குன மாதிரி இருக்கு." படிச்சுப் படிச்சுச் சொன்னேனாம். நான் ஒரு தடவை சொன்ன பொய் அவனிடம் போய்ப் படித்துப் படித்துச் சொன்னதாக வளர்ந்திருக்கிறது. இப்போது ஜீப்பில் ஏறும்போது என்ன பேசினோம் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. வந்தது என்றால் எங்கேயோ இருந்து வரவில்லை, எப்போதும் அங்கேதான் இருந்தது, நான்தான் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஜீப்பில் ஏறும்போது அவன்தான் கேட்டான். "அக்கா, அந்தக் கட்ட அவுத்து விட்டுட்டு வந்துரட்டுமா? பத்து நிமிசந்தான்." நான் சொன்னேன். "அப்படியே இருக்கட்டும். நாளைக்குக் காலை வெளிச்சத்துல இன்னொண்ணு எடுக்கணும், திரும்பக் கட்டினா இந்த அமைப்பு வராது." அவன் கேட்டான், நான் வேண்டாம் என்றேன். அவன் கேட்டதையே அவன் மறந்துவிட்டான். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று, தன் நினைவைத் தூக்கிப் போட்டுவிட்டு என் நினைவை எடுத்து வைத்துக்கொண்டான்.

எனக்குப் பயம் வந்தது. கண்காட்சிக்காக இல்லை, அது ஒன்றும் பெரிதில்லை, எழுதி அனுப்பினால் வசுமதி இரண்டு நாள் தேன் இல்லாமல் பேசுவாள். பரிசைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன், அலமாரியில் தூசி துடைக்கிற வேலை மிச்சம். பயம் இவனைப் பற்றித்தான். ஏழு வருடம் என்னோடு ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு ஏறியவன், அட்டை கடித்தால் என் காலைத் துடைத்துவிட்டவன், இதைக் கேட்டபின் என்னை அக்கா என்பானா. அப்படிக் கூப்பிடாமல் போனால் இந்தச் சரிவு எனக்கு எதற்கு. சொல்லாமல் விட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. மொட்டை போட்டாகிவிட்டது, பாரம் இறங்கிவிட்டதாம், சந்தோஷமாக இருக்கிறான், நான் எதற்கு அதைக் கெடுக்க வேண்டும். நன்றாகத்தான் இருக்கிறது நியாயம். சகாயராணி, உன் சாமர்த்தியமே சாமர்த்தியம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போது வலது பக்கத்திலிருந்து அந்தக் காற்று வந்தது. கன்னத்தில்தான் முதலில் தெரிந்தது, குளிர்ச்சியாக, ஒரு பெருமூச்சு அளவுக்கு. "அக்கா!" குழந்தைவேலு கிசுகிசுத்தான், "வெலகுது, வெலகுது, எடுங்க!" கேமராவில் கண்ணை வைக்கவே தேவையில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஏழெட்டுத் தாளும் மரியாதையாக இடது பக்கம் சாய்ந்தன. பூ ஆடவே இல்லை. பதினொரு பூவும் வெயிலில் நின்றன, பின்னால் பாறை, பின்னால் ஏழு மலை. கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. இப்போது அழுத்தினால் இனி எந்தக் காலத்திலும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது, என்னை எனக்குத் தெரியாதா. நான் அவன் பக்கம் திரும்பினேன். "குழந்தைவேலு, அவுத்துவிடுன்னு நான் சொல்லவே இல்ல" என்றேன். "அக்கா, புல்லு, புல்லப் பாருங்க!" "நீதான் கேட்ட. ஜீப்ல ஏறும்போது அவுத்து விட்டுட்டு வரட்டுமான்னு கேட்ட. நான் வேண்டாம்னேன். மறுநாளும் எடுக்கலாம்னு பேராசை. பூ போனதும் பழியத் தூக்கி உன் தலையில போட்டேன். தப்பு என்னோடது. உனக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

புல் மூடிக்கொண்டது. எப்போது மூடியது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கும்போது மூடியிருந்தது. குழந்தைவேலு என்னையே பார்த்தான். அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவது தெரிந்தது. ஓடை, ஜீப், பத்து நிமிசந்தான், எல்லாம் அவனுக்கும் திரும்பி வருகிறது போலிருந்தது. "ஆமா" என்றான் மெதுவாக. "கேட்டேன். நான் கேட்டேன்ல." பிறகு கை தன்னால் மேலே போய்த் தலையைத் தடவியது. "நேத்துத்தானங்க்கா மொட்ட போட்டேன். இத நேத்து சொல்லியிருக்கக் கூடாதா?" சிரிப்பு வருகிற மாதிரிதான் ஆரம்பித்தான், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. "ஏழு வருசங்க்கா. ஏழு வருசம்." நான் மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததா தெரியவில்லை. எழுந்தான், தூக்குச்சட்டியை எடுத்தான், எடுத்ததைத் திரும்ப வைத்தான், புல்லை மிதிக்காமல் பூவைச் சுற்றிக்கொண்டு போய் ஒட்டகப் பாறையின் மேல் ஏறி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கோபத்திலும் பூவைச் சுற்றிக்கொண்டு போகிறான். நான் கூப்பிடவில்லை. வசுமதிக்கு அனுப்ப வேண்டிய நாலு வரி மனதில் தானாக ஓடியது. இந்தப் படத்துக்காகப் புல்லைக் கட்டினோம். இல்லை, கட்டினோம் இல்லை, கட்டச் சொன்னேன். அவிழ்க்கட்டுமா என்று கேட்டவரை வேண்டாம் என்றேன். மறுநாள் பூ இல்லை. அவர் பேர் குழந்தைவேலு. நாலு வரிதான், எண்ணிப் பார்த்தேன், அடித்துத் திருத்த ஒன்றுமில்லை. முதல் படத்துக்குக் கீழே இது இருக்கும், படமும் அங்கேயே இருக்கும். கடைசிப் படம் இன்னும் எடுக்கவில்லை. கேமராவில் கண்ணை வைத்தேன். முன்னால் புல், ஏழெட்டுத் தாளும் குறுக்கே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் வெள்ளையாக இரண்டு மூன்று புள்ளி, தெரிந்தவர்களுக்குத்தான் பூ என்று தெரியும். பின்னால் பாறை. பாறையின் மேல் மொட்டைத் தலையோடு ஒரு ஆள். ஏழு வருடமாக நான் அவனிடம் அதிகம் சொன்ன வார்த்தை "குழந்தைவேலு, படத்துக்குள்ள வராதே, ஓரமாப் போ" என்பதுதான். அது அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். திரும்பாமலே, இன்னும் கரகரப்பு போகாத குரலில் கேட்டான். "நான் உள்ள இருக்கேனா? நகரணுமா?" அக்கா என்று சொல்லவில்லை. "வேண்டாம்" என்றேன். "அங்கேயே இரு. அசையாதே." அவன் அசையவில்லை. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.